மூன்றரை அடி

பாப்திஸ்து சபைகளில் குழந்தைகளுக்கு ஞானஸ்நானம் கிடையாது. வயது வந்து, புத்தி தெளிந்து, தானாக விரும்பிக் கேட்பவர்களுக்கு மட்டுமே உண்டு. அதுவும் நெற்றியில் மூன்று சொட்டுத் தெளித்துவிட்டுப் போகிற காரியமல்ல. ஆளைத் தண்ணீருக்குள் சாய்த்து, உச்சிமயிர் வரை அமிழ்த்தி எழுப்ப வேண்டும். அதனால் அதை அவர்கள் முழுக்கு என்றே சொன்னார்கள். சேலம் ஜில்லாவில் அப்படிப்பட்ட முப்பத்தொரு சபைகளும் ஓர் ஐக்கியச் சங்கத்தின் கீழ் இருந்தன. சங்கத்துக்கு நூற்றுப் பதினாறு விதிகள். நாற்பத்திரண்டாம் விதிப்படி முழுக்குக்கான தண்ணீர் மூன்றரை அடி ஆழத்துக்குக் குறையக் கூடாது. மழை பெய்யாவிட்டால் என்ன செய்வது என்பதற்கு விதி இல்லை.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தெட்டாம் வருஷம் மழை பெய்யவில்லை. அதற்கு முந்தின வருஷமும் பேருக்குத்தான் பெய்திருந்தது.

புதுச்சத்திரத்துக்குக் கிழக்கே நாலு மைலில் கருங்கல்மேடு என்ற ஊர். அங்கே அறுபது பேர் கொண்ட சபையைப் பதினேழு வருஷமாகப் பார்த்துக்கொண்டிருந்தவர் போதகர் தங்கசாமி. இளவயதில் வங்காளம் வரை போய்க் கிரேக்கமும் எபிரேயமும் படித்தவர். திரும்பி வந்தபோது, இவ்வளவு படித்தவரைப் பட்டணத்தில் வைத்தால் பேச்சு வளரும் என்று சங்கம் கருங்கல்மேட்டுக்கு அனுப்பிவிட்டது. அவருக்கு அதில் வருத்தமில்லை. பகலில் சபையைப் பார்ப்பார். மீந்த நேரத்தில் ஒரு மேஜையும் ஆறு அகராதிகளும் போதும். அப்படி ஒன்பது வருஷம் உழைத்து அவர் ஒரு கட்டுரை எழுதினார். முழுக்கைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லுக்கு என்ன பொருள் என்பதே விஷயம். அந்தச் சொல்லோடு வேர் ஒன்றான சொற்களைப் பழைய கிரேக்கச் சாயக்காரர்களும் பயன்படுத்தினார்கள் என்று படித்ததும், ராசிபுரத்தில் ஒரு சாயப்பட்டறையில் நான்கு நாள் போய் உட்கார்ந்தார். நூல் கழியைச் சாயத்தில் அமிழ்த்தினால்தான் நிறம் பிடிக்கிறது, தெளித்தால் திட்டுத் திட்டாக நிற்கிறது என்று கண்ணால் பார்த்து எழுதினார். தெளிப்பது முழுக்காகாது, ஊற்றுவதும் முழுக்காகாது, உடல் முழுவதும் நீருக்குள் சென்றாக வேண்டும் என்பது முடிவு. சங்கம் அதை அச்சிட்டு எல்லாச் சபைகளுக்கும் அனுப்பியது. அதற்குப் பிறகு இந்த விஷயத்தில் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. தங்கசாமிக்கும் வரவில்லை, மாரக்காளுக்கு உடம்பு வீங்கும் வரை.

மாரக்காள் சின்னண்ணனின் பெண்சாதி. சின்னண்ணன் கிணற்றேற்றத்துக்குத் தோல் சால் தைப்பவன். அந்தச் சுற்றுவட்டாரத்தில் மாடு கட்டி இறைக்கிற கிணறுகளில் பாதி அவன் தைத்த சாலில்தான் தண்ணீர் மேலே வந்தது. ஐந்து வருஷத்துக்கு முன் அவன் முழுக்குப் பெற்றான். அவளும் கூடவே பெற்றிருப்பாள். ஆனால் முழுக்குக்கு முன் சங்கம் முப்பத்திரண்டு கேள்வி கேட்கும். மாரக்காள் பத்தொன்பதாம் கேள்விக்கு மூன்று முறை தோற்றாள். அவள் நான்காம் முறைக்குப் படித்துக்கொண்டிருக்கையில் சின்னண்ணன் காய்ச்சலில் போய்விட்டான். அவனைச் சபையின் கல்லறைத் தோட்டத்தில் வேலியோரம் புதைத்தார்கள். பக்கத்தில் ஓர் ஆள் கிடக்கிற அளவுக்கு இடம் விட்டுத்தான் தோண்டினார்கள். அவள்தான் அப்படிச் சொல்லித் தோண்ட வைத்தாள்.

இந்த வருஷம் தை மாதம் பத்தொன்பதாம் கேள்விக்கு அவள் சரியாகப் பதில் சொன்னாள். அதற்குள் தொட்டியில் தண்ணீர் இல்லை. மாசியில் அவளுக்குக் கால் வீங்கியது. பங்குனியில் வயிறு வீங்கி, மூச்சு இரைக்க ஆரம்பித்தது. நாமக்கல் வைத்தியர் பார்த்துவிட்டு உடம்பெல்லாம் நீர் கோத்திருக்கிறது, சித்திரை தாண்டுவது கஷ்டம் என்றார். ஊரில் எங்கும் இல்லாத தண்ணீர் அவள் உடம்பில் இருந்தது.

எழுபத்தோராம் விதிப்படி, முழுக்குப் பெறாதவர்களுக்குக் கல்லறைத் தோட்டத்தில் இடம் இல்லை. அவள் பிறந்த சாதியின் சுடுகாட்டுக்காரர்களும், வேதத்தில் சேர்ந்தவளுக்கு இங்கே குழி வெட்ட மாட்டோம் என்று ஆள் விட்டுச் சொல்லிவிட்டார்கள்.

"சாமி, எனக்கு வார்த்தையெல்லாம் தெரியாதுங்க," என்றாள் மாரக்காள். கயிற்றுக் கட்டிலில் முதுகுக்குச் சாக்கு மூட்டை கொடுத்து உட்கார வைத்திருந்தார்கள். படுத்தால் மூச்சு நின்றுவிடும். "அவரு பக்கத்துல போட்டுட்டீங்கன்னாப் போதும். நாய் நரி இழுத்துக்கிட்டுப் போற எடத்துல போட்டுறாதீங்க."

"பாக்கறேன் மாரக்கா. சேலத்துக்கு எழுதறேன்," என்றார் தங்கசாமி.

அன்றே எழுதினார். தொட்டி வறண்டுவிட்டது, ஆளை நகர்த்த முடியவில்லை, இந்த ஒருத்திக்கு மட்டும் தலையில் தண்ணீர் ஊற்றி முழுக்காக ஏற்க அனுமதி வேண்டும் என்று கேட்டிருந்தார். எழுதும்போது கை இரண்டு முறை நின்றது. ஊற்றுவது முழுக்காகாது என்று எழுதிய அதே பேனா.

பத்தாம் நாள் பதில் வந்தது. சேலம் அஸ்தம்பட்டியில் இருக்கும் சங்கத்தின் செயலாளர் கனம் பாலசுந்தரம் தம் கையாலேயே கையெழுத்துப் போட்டிருந்தார். விண்ணப்பம் கடிதமாக வந்திருப்பதால் அதை வாசிக்க முடியாமல் இருப்பதாகவும், இத்துடன் அனுப்பியுள்ள நீர்நிலைப் படிவத்தில் நிரப்பி அனுப்பினால் வாசிப்பதாகவும் கண்டிருந்தது. படிவத்தில் நீர்நிலையின் பெயர், உரிமையாளர், ஆழம், நீரோட்டத்தின் திசை, மீன் உண்டா என்று கேட்டிருந்தார்கள். தங்கசாமி எல்லாக் கட்டத்திலும் 'இல்லை' என்று எழுதி அனுப்பினார். படிவம் திரும்பி வந்தது. 'இல்லை என்ற பெயரில் சங்கத்தின் பட்டியலில் நீர்நிலை எதுவும் காணப்படவில்லை. பரிசோதகர் நேரில் வருவார்.'

அதற்குள் தங்கசாமி காவேரியை நினைத்தார். ஜேடர்பாளையத்தில் அணைக்கட்டுக்கு மேலே எந்தக் கோடையிலும் கொஞ்சம் தண்ணீர் நிற்கும். இருபது மைலுக்கு மேல். ஒரு வில்வண்டியில் வைக்கோல் பரப்பி, மாரக்காளை உட்கார வைத்து, தங்கசாமியின் மனைவி ஆத்தாயி பின்னால் அணைத்துப் பிடித்துக்கொள்ள, விடிந்ததும் கிளம்பினார்கள். முதல் மைலில் மாரக்காள் பேசிக்கொண்டு வந்தாள். இரண்டாவது மைலில் பேச்சு நின்றது. உதடு நீலம் பாரித்தது.

"ஏனுங்க, வண்டியத் திருப்பச் சொல்லுங்க," என்றாள் ஆத்தாயி. "ஆத்துக்குப் போறதுக்குள்ள இவ போயிருவா."

திருப்பினார்கள். மாரக்காள் வழியெல்லாம் கண்ணை மூடியிருந்தாள். வீட்டில் இறக்கியதும், "என்னால உங்களுக்குச் சிரமம் சாமி," என்றாள்.

மறுநாள் பரிசோதகர் கைலாசம் வந்தார். நாற்பது வயதிருக்கும், ஒல்லியான மனிதர். சைக்கிளின் குறுக்குக் கம்பியில் பித்தளைப் பூண் போட்ட அளவுகோல் ஒன்றைத் துணி சுற்றிக் கட்டியிருந்தார். சபையின் பின்பக்கம் இருந்த முழுக்குத் தொட்டியில் படி வழியாக இறங்கினார். அடியில் மண்ணும், காய்ந்த வேப்பிலையும், விரிசலில் ஓர் ஓணானும் இருந்தன. கோலை நட்டு, குனிந்து பார்த்து, குறித்துக்கொண்டார்.

"நாலடி இருக்குதுங்க. விதிக்கு மேலயே அரையடி. தொட்டி தகுதியானதுன்னு எழுதிட்டேன்."

"தண்ணி இல்லீங்களே," என்றார் தங்கசாமி.

"ஆழம் மட்டும்தான் என் பொறுப்புங்க. தண்ணி சொத்துப் பிரிவு பார்க்கணும்."

"விரிசல் விட்டிருக்குது. குடத்துல கொண்டாந்து ஊத்தினாலும் நிக்காது. மூணு வருஷமா எழுதிக்கிட்டிருக்கறேன்."

"விரிசலும் சொத்துப் பிரிவுதானுங்க." கைலாசம் கோலைத் துடைத்துத் துணியைச் சுற்றினார். போகும்போது மாரக்காளின் வீட்டு வாசலில் கட்டிலில் இருந்த அவளை ஒரு நிமிஷம் நின்று பார்த்தார். ஏதோ கேட்க வந்தவர் போலிருந்தது. கேட்காமல் சைக்கிளில் ஏறிப் போய்விட்டார்.

ஊரில் தண்ணீர் நின்ற கிணறு ஒன்றே ஒன்றுதான். நாச்சிமுத்துக் கவுண்டருடையது. படி வைத்துக் கட்டிய பெரிய கிணறு. அந்தக் கோடையிலும் எட்டடி இருந்தது. தங்கசாமி போய் நின்றபோது கவுண்டர் ஏற்றத்தருகில் மாட்டைத் தட்டிக்கொடுத்துக்கொண்டிருந்தார். விஷயத்தைப் பொறுமையாகக் கேட்டார்.

"மாரக்கா எனக்குத் தெரியாதவளுங்களா? இந்தச் சால் அவ ஊட்டுக்காரன் தெச்சதுதான். தண்ணி மொண்டு தாரேன். பத்துக் கொடம் வேணுமா, இருவது கொடம் வேணுமா, ஆள் விட்டே கொண்டாந்து வெக்கறேன். கெணத்துக்குள்ள எறங்கறது மட்டும் ஆகாதுங்க. எங்களுக்குன்னு ஒரு மொறை இருக்குது."

"எங்களுக்கு எறங்கினாத்தான் மொறைங்க. மொண்டு ஊத்தினா ஆகாது."

கவுண்டர் கொஞ்ச நேரம் மாட்டின் கழுத்தைச் சொறிந்துகொண்டிருந்தார். "அப்போ உங்க மொறையும் எங்க மொறையும் ஒத்துமையா இருக்குதுங்க," என்றார். "அவதான் வெளிய நிக்கறா."

 தங்கசாமி வீட்டுக்கு வந்து மேஜை முன் உட்கார்ந்து தம் கட்டுரையை எடுத்து முதலிலிருந்து வாசித்தார். ஊற்றுவதற்கு இடம் கொடுக்கிற ஒரு வாக்கியமாவது எங்கேயாவது தவறி விழுந்திருக்குமா என்று தேடினார். ஒன்பது வருஷ உழைப்பு. ஓட்டை ஒன்றுகூட இல்லை. முன்பெல்லாம் அதை நினைத்தால் பெருமையாக இருக்கும்.

"அடிச்சு எழுதுனவரு நீங்கதானுங்களே, அழிச்சு எழுத முடியாதுங்களா?" என்று ஆத்தாயி கேட்டாள்.

"சொல்லோட பொருள நான் மாத்த முடியாது ஆத்தாயி. அது அப்படித்தான் இருக்குது."

"அப்ப சொல்லு நல்லாத்தான் இருக்குதுங்க. சாவறவதான் கெட்டுப் போனா," என்று சொல்லிவிட்டு அவள் மாரக்காளுக்குக் கஞ்சி எடுத்துக்கொண்டு போனாள்.

சித்திரை பிறந்ததும் சங்கம் வழக்கம்போல ஏற்காட்டுக்கு ஏறியது. சமவெளியின் வெயிலில் தியானம் கூடுவதில்லை என்பதால் கோடை இரண்டு மாதமும் சங்கம் அங்கேதான் நடக்கும். கருங்கல்மேட்டு விஷயம் நிர்வாகக் குழுவில் எடுத்துக்கொள்ளப்படும், நேரில் வரவும் என்று தங்கசாமிக்குத் தகவல் வந்தது. சேலத்தில் பஸ் பிடித்து மலை ஏறினார். சங்கத்தின் பங்களா ஏரிக்கரையில் இருந்தது. இத்தனை தண்ணீரை ஒரே இடத்தில் பார்த்து அவருக்குக் கால் நகரவில்லை. கரையில் கொஞ்ச நேரம் நின்றார். உள்ளே போனபோது ஈரக்காற்று ஆகாது என்று ஏரிப்பக்கத்து ஜன்னல்களைச் சாத்தியிருந்தார்கள்.

குழுவில் ஒன்பது பேர். தலைவர் ஹார்க்னஸ் துரை இலக்கணப் புத்தகத்தை வைத்துத் தமிழ் படித்தவர். முதல் பொருள், ஈரத்தால் சங்கத்தின் நூலகத்தில் புத்தகங்கள் பூஞ்சை பிடிப்பது பற்றியது. அது ஒன்றரை மணி நேரம் ஆனது. ஈரத்தின் கொடுமையை எல்லாரும் உருக்கமாகப் பேசினார்கள். இரண்டாம் பொருள், சங்கத்தின் முத்திரையில் 'முழுக்கு' என்று பொறிப்பதா, 'ஞானஸ்நானம்' என்று பொறிப்பதா என்பது. சாப்பாட்டுக்கு முன் தொடங்கி, சாப்பாட்டுக்குப் பின் ஓட்டெடுப்பில் சமமாக நின்று, அடுத்த கோடைக்குத் தள்ளி வைக்கப்பட்டது. மூன்றாவதாகக் கருங்கல்மேடு வந்தது.

தங்கசாமி எழுந்து நின்று, மாரக்காள் யார், எப்படி இருக்கிறாள் என்று சொன்னார். அவர் சொல்லி முடித்ததும் ஓர் உறுப்பினர் இரக்கத்தோடு, "இங்கேயே ஏரி இருக்கிறதே, அழைத்து வாருங்களேன்," என்றார்.

"ரெண்டு மைல் வண்டியில வர முடியலீங்க."

"வண்டி குலுங்கும். நடந்து வரலாம். மலைக்காற்று உடம்புக்கு நல்லது."

செயலாளர் பாலசுந்தரம் எழுந்தார். கையில் தங்கசாமியின் கட்டுரை இருந்தது. பக்கங்களில் நிறையச் சீட்டுகள் செருகியிருந்தார்.

"இந்தச் சங்கத்துக்கு இரக்கம் இல்லை என்று யாரும் சொல்லிவிட முடியாது," என்று தொடங்கினார். "வருஷா வருஷம் இரக்கத்தைப் பற்றி ஒரு தீர்மானம் போடுகிறோம். போன வருஷத் தீர்மானம் ஆறு பக்கம். ஆனால் இரக்கத்துக்காகச் சத்தியத்தை விட்டுக்கொடுக்க முடியுமா? இன்றைக்கு ஒரு மாரக்காளுக்கு ஊற்றினால், நாளைக்கு எல்லா நோயாளிகளும் கேட்பார்கள். முழுக்கு நோயாளிகளுக்கும் கிடைக்கும் என்றாகிவிடும். அப்புறம் அதற்கு என்ன மரியாதை? நம்முடைய பண்டிதர் தங்கசாமி அவர்களே இதைப் பதினான்காம் பக்கத்தில் அழகாகச் சொல்லியிருக்கிறார்கள்." வாசித்தார். குழுவினர் மேஜையைத் தட்டினார்கள். தங்கசாமிக்குக் காது சுட்டது.

"தீர ஆய்ந்து எழுதினீர். யாம் பெரிதும் உவந்தனம்," என்றார் ஹார்க்னஸ் துரை.

"ஐயா, நான் கேக்கறது அந்தக் கட்டுரைக்கு ஒரு விலக்கு," என்றார் தங்கசாமி.

"யார் விலக்குத் தருவது? இந்த விஷயத்தில் உங்களுக்கு மேல் இந்த ஜில்லாவில் யார் இருக்கிறார்கள்?" என்றார் பாலசுந்தரம். "இருந்தாலும் சங்கம் கைவிடவில்லை. இரண்டு வாரமாக உங்கள் கட்டுரையோடு உட்கார்ந்து ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறேன். இருபத்தொன்றாம் பக்கத்து அடிக்குறிப்பில், உடல் முழுவதும் நீருக்குள் சென்றாக வேண்டும் என்கிறீர்கள். சென்றாக வேண்டும். ஆனால் ஒரே நேரத்தில் செல்ல வேண்டும் என்று எங்கும் சொல்லவில்லை."

 ஒவ்வொருவராக மேஜையைத் தட்டினார்கள்.

தீர்மானம் இதுதான். விண்ணப்பதாரரின் உடலைப் பதினொரு பகுதிகளாகப் பிரித்துக்கொண்டு, ஒவ்வொரு பகுதியாக ஓர் அண்டாவில் அமிழ்த்துவது. பரிசோதகர் கூட இருந்து ஒவ்வொன்றையும் படிவத்தில் குறித்துக்கொள்வது. பதினொன்றும் முடிந்ததும் அவர் முழுக்குப் பெற்றவராகக் கருதப்படுவார். தலை கடைசி. தங்கசாமிக்கு ஒரு சால்வை போர்த்தினார்கள். கட்டுரையை இரண்டாம் பதிப்பாக, செயலாளரின் முன்னுரையோடு கொண்டுவருவது என்றும் தீர்மானம் ஆனது.

அவர் மலை இறங்கி ஊருக்கு வந்தபோது மாரக்காளுக்குப் பேச்சு சன்னமாகியிருந்தது. என்ன முடிவாயிற்று என்று அவள் கேட்டதற்கு, "ஒரு வழி சொல்லியிருக்காங்க," என்று மட்டும் சொன்னார். அதற்கு மேல் சொல்ல வாய் வரவில்லை.

இரண்டு நாள் கழித்துக் காலையில் கைலாசம் படிவத்தோடு வந்தார். கவுண்டர் சொன்னபடி பத்துக் குடம் தண்ணீர் அனுப்பியிருந்தார். சபையின் கல்யாண அண்டாவைக் கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்து நிரப்பினார்கள். சபையார் இருபது பேர் போல வேப்பமரத்தடியில் கூடி நின்றார்கள். தங்கசாமி ஜெபம் செய்தார். பிறகு அவரும் ஆத்தாயியும் மாரக்காளின் வலது காலைத் தூக்கி அண்டாவின் விளிம்பைத் தாண்டி உள்ளே விட்டார்கள். கால் மரக்கட்டை போல வீங்கியிருந்தது; தொட்ட இடமெல்லாம் விரல் பதிந்தது. மடக்க முடியவில்லை. மாரக்காள் பல்லைக் கடித்துக்கொண்டாள்.

கைலாசம் குனிந்து பார்த்தார். "முழங்காலுக்கு நாலு விரக்கடை குறையுதுங்க. கொஞ்சம் அழுத்தணும்."

அழுத்தினார்கள். மாரக்காளின் தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. கைலாசம் முதல் கட்டத்தில் குறியிட்டார். காலை வெளியே எடுத்துத் துடைத்து, கட்டிலைத் திருப்பிப் போட்டு, இடது காலை விட்டார்கள். அதற்குள் அவள் மூச்சு வாங்கி, ஆத்தாயியின் தோளில் சாய்ந்துவிட்டாள். வியர்வை கொட்டியது.

"சாமி," என்றாள். "இன்னும் எத்தனை இருக்குதுங்க?"

"ஒம்போது."

"ஒம்போதா." அவள் கண்ணை மூடி யோசித்தாள். "அதுக்குள்ள செத்துட்டா, முழுகுன வரைக்கும் அங்க பொதைப்பாங்களா? காலு மட்டுமாவது?"

அவள் கேலியாகக் கேட்கவில்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ள வேண்டும் என்றுதான் கேட்டாள். தங்கசாமி கைலாசத்தைப் பார்த்தார். கைலாசம் படிவத்தைப் புரட்டினார். அந்தக் கேள்விக்கு அதில் கட்டம் இல்லை. 

தங்கசாமி எழுந்தார். அண்டாவின் பக்கத்தில் கவிழ்த்து வைத்திருந்த செம்பை எடுத்து நிறைய மொண்டார். ஊற்றுவது முழுக்காகாது என்பது அவருக்கு அந்த நிமிஷத்திலும் தெரிந்துதான் இருந்தது. அதை அவர் மறக்கவில்லை, மறந்ததாகப் பிற்பாடு சொல்லவுமில்லை. பிதாவின் பெயரையும் குமாரனின் பெயரையும் பரிசுத்த ஆவியின் பெயரையும் சொல்லி, மாரக்காளின் உச்சந்தலையில் செம்புத் தண்ணீரை மெதுவாக ஊற்றினார். தண்ணீர் நரைத்த மயிரில் இறங்கி, நெற்றி வழியாகக் கழுத்துக்கு ஓடி, ரவிக்கையை நனைத்தது. அவள் வாயைத் திறந்து கொஞ்சம் குடித்துக்கொண்டாள்.

"குளுகுளுன்னு இருக்குதுங்க," என்றாள்.

கொஞ்ச நேரம் கழித்துக் கைலாசம் கேட்டார். "ஐயா, இதை நான் எந்தக் கட்டத்துல எழுதறது?"

தங்கசாமி சபையின் முழுக்குப் பதிவேட்டை எடுத்து வரச் சொன்னார். 'முழுக்கு' என்று ஒரு சொல் எழுதினால் போதும். சேலத்தில் யாரும் கேட்கப் போவதில்லை, கைலாசமும் ஒருவேளை சும்மா இருந்துவிடுவார். பேனாவை அந்தக் கட்டத்துக்கு மேலே வெகுநேரம் பிடித்துக்கொண்டிருந்தார். ஆயுள் முழுவதும் ஒரு சொல்லைத் தவறாக எழுதக் கூடாது என்று இருந்த மனிதர். கடைசியில், 'மாரக்காள், சின்னண்ணனின் விதவை. தலையில் தண்ணீர் ஊற்றினேன். சபையில் சேர்த்தேன்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். கைலாசம் அதை அப்படியே பிரதி எடுத்துக்கொண்டு போனார்.

நாலாம் நாள் விடியற்காலையில் ஆத்தாயியின் மடியில் மாரக்காளின் உயிர் போயிற்று. கைலாசம் கொண்டுபோன பிரதிக்குச் சேலத்திலிருந்து இன்னும் ஒரு பதிலும் வரவில்லை. தங்கசாமி கல்லறைத் தோட்டத்தின் பூட்டைத் திறந்துவிட்டு, முதல் கடப்பாரையைத் தானே போட்டார். இரண்டு வருஷம் மழை காணாத மண். கடப்பாரை எகிறி விழுந்தது. அரை அடி தோண்டுவதற்குள் நான்கு பேருக்குக் கை கொப்பளித்துவிட்டது. அந்தச் சமயம் கவுண்டரின் பண்ணையாள் எட்டுக் குடம் தண்ணீரை வண்டியில் வைத்து ஓட்டிக்கொண்டு வந்தான்.

"மண்ணு எறுகிக் கெடக்கும், ஊற வெச்சுத் தோண்டச் சொன்னாருங்க," என்றான்.

ஊற்றி, ஊற வைத்துத் தோண்டினார்கள். உச்சி வெயிலுக்குள் அவளைச் சின்னண்ணனின் பக்கத்தில் வைத்து மூடினார்கள். சாயங்காலம் புதுச்சத்திரத்திலிருந்து தந்திச் சேவகன் வந்தான். 'அடக்கம் நிறுத்துக. விவரம் பின்.'

விவரம் மூன்று வாரம் கழித்து வந்தது. விசாரணை அஸ்தம்பட்டியில் நடந்தது. அதற்காகச் செயலாளர் மலையிலிருந்து ஒரு நாள் இறங்கி வந்தார், வெயிலைப் பற்றி இரண்டு முறை சொன்னார்.

"நீங்கள் எழுதியது தவறா, செய்தது தவறா?" என்று பாலசுந்தரம் கேட்டார். "இரண்டில் ஒன்று சொல்லிவிட்டால் சங்கத்துக்குச் சுலபம்."

"எழுதினதுல தப்பில்லீங்க," என்றார் தங்கசாமி. "அதை எழுதறப்போ எனக்கு மாரக்காளத் தெரியாது."

"கட்டுரையைத் திரும்பப் பெறுகிறீர்களா?"

"பெறலாமுங்களா?"

"முடியாது. அது இப்போது சங்கத்தின் சொத்து. இரண்டாம் பதிப்பு அச்சகத்தில் இருக்கிறது." செயலாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவர் குரலில் உண்மையான துக்கம் இருந்தது. "உங்கள்மேல் எனக்குத் தனிப்பட்ட கோபம் கிடையாது. நீங்கள் சாதாரணப் போதகராக இருந்தால் மன்னித்துவிடலாம். ஆனால் நீங்கள் மீறியிருப்பது பண்டிதர் தங்கசாமியை. அவரை யார் மீறினாலும் இந்தச் சங்கம் பொறுத்துக்கொள்ளாது. அவர் எங்களுக்கு எவ்வளவு பெரிய சொத்து என்பது உங்களுக்குத் தெரியவில்லை."

இரண்டு தீர்மானங்கள் எழுதப்பட்டன. கட்டுரை ஆசிரியரின் கருத்துக்கு மாறாக நடந்ததற்காகப் போதகர் தங்கசாமி ஊழியத்திலிருந்து நீக்கப்படுகிறார் என்பது முதலாவது. இரண்டாவது கல்லறையைப் பற்றியது. அதைத் தோண்டி எடுக்கச் சொல்லலாமா என்று பேசிப் பார்த்து, போலீஸ் வரும் என்று விட்டுவிட்டார்கள். பிறகு செயலாளரே வழி சொன்னார். முழுக்குப் பெறாத யாரும் அந்தத் தோட்டத்தில் அடக்கமாக முடியாது என்பது விதி; மாரக்காள் முழுக்குப் பெறவில்லை; ஆகையால் அவர் அங்கே அடக்கமாகவில்லை. சின்னண்ணனின் பக்கத்து இடம் காலி என்று வரைபடத்தில் குறிக்கப்பட்டது.

போதகர் வீட்டைக் காலி செய்ய ஒரு வாரம் கொடுத்தார்கள். ராசிபுரத்தில் ஆத்தாயியின் தம்பி வீட்டில் ஓர் அறை கிடைத்தது. அகராதிகளையும் பாத்திரங்களையும் வண்டியில் ஏற்றினார்கள். சபையார் வந்து சாமான் எடுத்துக் கொடுத்தார்கள்.  வண்டி கிளம்புகிற நேரத்தில் கைலாசம் சைக்கிளில் வந்து இறங்கினார். குறுக்குக் கம்பி வெறுமையாக இருந்தது. சாவியை வாங்கிக்கொள்ள வந்திருக்கிறார் என்று நினைத்து ஆத்தாயி சாவிக்கொத்தை நீட்டினாள். அவர் வாங்கவில்லை.

"ஐயா, ஒரு வார்த்தை," என்று தங்கசாமியை வேப்பமரத்துப் பக்கம் கூட்டிக்கொண்டு போனார். "எங்க அம்மா ஆத்தூர்ல இருக்காங்க. முத்தாயம்மாள்னு பேரு. நாலு வருஷமாப் படுத்த படுக்கை. பக்கவாதம். அவங்களுக்கும் முழுக்கு ஆகலை."

"நீங்க சங்கத்துல இருக்கறவராச்சே. கேட்டிருக்கலாமே."

"அம்மா பேர்ல படிவம் போட்டேனுங்க. ரெண்டு வருஷத்துக்கு முன்னால." கைலாசம் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "ஆத்தூர் வட்டாரப் படிவமெல்லாம் என்கிட்டதான் வரும். நீர்நிலையோட பேரு எழுதலை. நானே திருப்பி அனுப்ப வேண்டியதாப் போச்சு."

தங்கசாமி அவரையே பார்த்தார்.

"கையெழுத்துப் போட்டு அனுப்பினேன். அம்மா தபால்காரர்கிட்ட குடுத்து வாசிக்கச் சொல்லியிருக்காங்க." அவர் தங்கசாமியின் கையைப் பிடித்துக்கொண்டார். "நீங்க வந்து ஒரு செம்பு ஊத்தணும்."

"நான் இப்போ போதகர் இல்லீங்க கைலாசம். ஊத்தினா எங்கயும் செல்லாது."

"தெரியுமுங்க. அதை எழுதின பிரதி என்கிட்டதான் இருக்கு."

"எனக்கே அது முழுக்குன்னு சொல்ல வாய் வராது. அதையும் உங்க அம்மாகிட்ட நான் சொல்லுவேன்."

"சொல்லுங்க. சொல்லிட்டு ஊத்துங்க."

வண்டிக்காரன் மாட்டை அதட்டிக்கொண்டிருந்தான். தங்கசாமி வண்டியருகே வந்து, தம் மூட்டையிலிருந்து ஒரு வேட்டியையும் துண்டையும் மட்டும் எடுத்துக்கொண்டார்.

"நீ ராசிபுரம் போயிரு ஆத்தாயி. நான் ஆத்தூர் போயிட்டு வாரேன்."

ஆத்தாயி ஏன் என்று கேட்கவில்லை. கைலாசத்தின் முகத்தை ஒரு முறை பார்த்துவிட்டு, சாமானுக்குள் கையை விட்டுத் துழாவி ஒரு செம்பை எடுத்துக் கணவர் கையில் கொடுத்தாள்.